யுரேனியம் போனது, சைக்கிள் வந்தது!
மலைப்பாதை சோறு போடுகிறது. குடியிருக்க வீடு எங்கே?

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம். அதன் தென்கிழக்கில், செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் சிற்றூர், மோவாப். 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி அதன் ஜனத்தொகை 5,366 தான்.

இந்தச் சின்ன ஊருக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எதற்காக? சைக்கிள் விடுவதற்காக!

ரோட்டில் அல்ல. பாறையின் மேலும், மலைச் சரிவிலும் சைக்கிள் விடுகிறார்கள். இதற்கென்றே தனிச் சைக்கிள் இருக்கிறது. டயர் தடித்திருக்கும். மேட்டில் ஏறப் பல பல்சக்கரங்கள் இருக்கும். அதிர்ச்சியைத் தாங்க வில் இருக்கும். இதற்கு மலைச் சைக்கிள் என்று பெயர்.

சைக்கிள் விடுகிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், பக்கத்திலுள்ள தேசியப் பூங்காக்களைப் பார்க்க வருகிறவர்கள் - இவர்களை நம்பித்தான் மோவாப் பிழைக்கிறது. ஆனால் இவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவருக்கும், அறையைப் பெருக்குகிறவருக்கும், சைக்கிளைப் பழுது பார்க்கிறவருக்கும் அந்த ஊரிலேயே ஒரு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. மோவாபின் இன்றைய பெரிய பிரச்சினை இதுதான்.

இந்த நிலை எப்படி வந்தது?

யுரேனிய வேட்டை

1950-ல் மோவாபில் 1,274 பேர் இருந்தார்கள். பழத்தோட்டமும் மாட்டுப் பண்ணையும் அவர்களுடைய தொழில்.

1952-ல் சார்லி ஸ்டீன் என்பவர் அங்கே யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை குடும்பத்தோடு குடிசையில் வாழ்ந்த ஏழை அவர். ஒரே நாளில் அவருடைய தலையெழுத்து மாறியது. ஊரின் தலையெழுத்தும் மாறியது!

அணுகுண்டு செய்ய யுரேனியம் வேண்டும். அமெரிக்க சர்க்கார் நல்ல விலை கொடுத்து வாங்கியது. சுரங்கத்தில் வேலை தேடி ஆட்கள் குவிந்தார்கள். 1956-ல் யுரேனிய ஆலை வந்தது. 1960-ல் ஜனத்தொகை 4,682 ஆக உயர்ந்தது. பத்தே ஆண்டில் ஊர் மூன்றரை மடங்கு பெருத்துவிட்டது.

இந்த வாழ்வு நிலைக்கவில்லை. சர்க்கார் வாங்குவதை நிறுத்தியது. பிறகு அணு மின்சார நிலையங்கள் கட்டுவதும் குறைந்தது. யுரேனியத்தின் விலை விழுந்தது. 1984-ல் ஆலையும் மூடப்பட்டது.

வேலை போனதும் ஆட்கள் ஊரைவிட்டுப் போனார்கள். 1980-ல் 5,333 ஆக இருந்த ஜனத்தொகை, 1990-ல் 3,971 ஆகச் சுருங்கியது. யுரேனியம் விட்டுச் சென்ற சொத்து என்ன? கொலராடோ ஆற்றங்கரையில் ஒரு கழிவு மலை! கதிர்வீச்சுள்ள அந்தக் கழிவு 1 கோடியே 60 லட்சம் டன். அதை ரயிலில் ஏற்றி, 30 மைல் வடக்கே கொண்டுபோய்ப் புதைக்கும் வேலை 2009-ல்தான் தொடங்கியது.

வழுக்காத வழுக்குப் பாறை

மோவாபுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை வெளி இருக்கிறது. பண்டைக் காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை அவை. இதை 'ஸ்லிக்ராக்', அதாவது வழுக்குப் பாறை என்கிறார்கள். லாடம் அடித்த குதிரை அதில் கால் வைத்தால் வழுக்கும். அதனால் வந்த பெயர்.

ஆனால் ரப்பர் டயர் அதில் வழுக்காது! பாறை சொரசொரப்பானது. செங்குத்தான மேட்டிலும் டயர் ஒட்டிக்கொள்ளும்.

1969-ல் மோட்டார் சைக்கிள்காரர்கள் இங்கே ஒரு பாதை வகுத்தார்கள். மண்ணை வெட்டவில்லை. பாறையின் மேல் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டார்கள். அவ்வளவுதான் பாதை! சுற்றி வந்தால் சுமார் 10 மைல். மலைச் சைக்கிள் பிறந்த பிறகு, 1980-களில், சைக்கிள்காரர்கள் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. மோவாபின் பெயர் உலகமெங்கும் பரவியது.

பாறையோடு நிற்கவில்லை. ஊருக்குத் தென்கிழக்கே லா சால் மலைத்தொடர் இருக்கிறது. அதன் உச்சி 12,000 அடிக்கும் அதிக உயரம். அங்கிருந்து 'ஹோல் என்சிலாடா' என்ற பாதை இறங்குகிறது. 11,000 அடிக்கு மேலே புறப்பட்டு, 4,000 அடியில் ஓடும் கொலராடோ ஆற்றில் வந்து முடிகிறது. மேலே பனியும் ஊசியிலைக் காடும். கீழே கள்ளிச் செடியும் பாலைவனமும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

மண்ணைக் காத்த கட்டணம்

கூட்டம் வந்தால் கேடும் கூடவே வரும். மோவாப் வெளிகளில் மண்ணின் மேல் கருமையான ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். அது வெறும் அழுக்கு அல்ல, உயிருள்ள பொருள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து கட்டிய போர்வை அது. மண் காற்றில் பறக்காமல் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு சைக்கிள் அதன் மேல் ஓடினால் போர்வை கிழிந்துவிடும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

1990-களின் தொடக்கத்தில் பாறை வெளியில் கட்டுக்கடங்காத கூட்டம். கண்ட இடத்தில் கூடாரம், கண்ட இடத்தில் நெருப்பு, குப்பை. அப்போது மாவட்ட நிர்வாகமும் மத்திய சர்க்காரின் நில இலாகாவும் கைகோத்தன. வாசலில் கட்டணம் வைத்தார்கள். அந்தப் பணத்தை அந்த இடத்திற்கே செலவிட்டார்கள். கூடாரம் போட இடம் குறித்தார்கள். கழிப்பிடம் கட்டினார்கள். பாதையை விட்டு விலகாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நிலம் பிழைத்தது.

வீடு மட்டும் ஏன் இல்லை?

நிலத்தைக் காத்த ஊருக்கு, உழைப்பவருக்கு வீடு கொடுக்க முடியவில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது: மாவட்டத்தின் நிலத்தில் மிகப் பெரும் பகுதி சர்க்காருடையது. அழகு கெடாமல் இருப்பதும் அதனால்தான். ஆனால் வீடு கட்ட மிஞ்சுவது பள்ளத்தாக்கிலுள்ள கொஞ்ச நிலமே.

இரண்டாவது: ஒரு வீட்டைத் தொழிலாளிக்கு விட்டால் மாத வாடகை வரும். சுற்றுலாக்காரருக்கு இரவுக்கு இவ்வளவு என்று விட்டால் அதைவிடப் பல மடங்கு வரும். வீட்டுக்காரர் எதைச் செய்வார்? வெளியூர்ப் பணக்காரர்களும் விடுமுறை வீடு வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது. தொழிலாளிகளில் பலர் வேனிலும் கூடாரத்திலும் தூங்குகிறார்கள்.

மூன்றாவது: வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கூட்டம் நெரியும். குளிர்காலத்தில் கடைகள் ஓய்ந்துவிடும். கையில் காசு இல்லாத மாதத்திலும் வாடகை கேட்பார்களே!

ஒரு கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். பக்கத்திலுள்ள ஆர்ச்சஸ் பூங்காவுக்கு மட்டும் 2021-ல் 18 லட்சம் பேர் வந்தார்கள். ஆனால் மோவாபின் ஜனத்தொகை, சுரங்கம் நடந்த 1980-ல் இருந்ததைவிட 2020-ல் 33 பேர்தான் அதிகம்! சுரங்கம் ஆட்களைக் குடியேற்றியது. சுற்றுலா ஆட்களை வரவழைத்து, திருப்பி அனுப்பிவிடுகிறது.

பதினேழு படுக்கை

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடியதும் வெளியூர்க் கூட்டம் மோவாபை நோக்கிப் புறப்பட்டது. ஊர் ஆஸ்பத்திரியில் இருந்ததோ 17 படுக்கை! 'விருந்தாளிகள் வரவேண்டாம்' என்று ஊர் சொல்ல வேண்டியதாயிற்று. விடுதிகள் வெளியூர்க்காரருக்கு மூடப்பட்டன. ஊரின் வருமானம் நின்றது. ஒரே தொழிலை நம்பினால் என்ன ஆகும் என்பதை ஊர் இரண்டாம் முறையாகக் கண்டது.

என்ன செய்ய வேண்டும்?

மோவாப் சும்மா இருக்கவில்லை. 2019-ல் நகரமும் மாவட்டமும் புதிய இரவு விடுதிகளுக்குத் தடை போட்டன. நிலத்தை அறக்கட்டளையின் பெயரில் வைத்து, உழைப்பவருக்குக் கட்டுப்படியான வீடு கொடுக்கும் முயற்சியும் நடக்கிறது. இவை நல்ல தொடக்கம். ஆனாலும் ஏற்கனவே இருக்கும் விடுதிகளை இந்தத் தடை தொடாது.

விடுதி அறைக்கு வரி உண்டு. அந்த வரியில் ஒரு பங்கைச் சுற்றுலா விளம்பரத்துக்கே செலவிட வேண்டும் என்று மாநிலச் சட்டம் நெடுங்காலம் கட்டிப்போட்டிருந்தது. இருக்கும் கூட்டத்துக்கே இடமில்லாத ஊர், இன்னும் கூட்டம் வரட்டும் என்று விளம்பரம் செய்தது!

வழி ஊருக்குள்ளேயே இருக்கிறது. பாறை வெளியில் கட்டணத்தை வசூலித்து, அதைப் பாறை வெளிக்கே செலவிட்டார்கள். அதே நியாயம் வீட்டுக்கும் பொருந்தும். விருந்தாளி கொடுக்கும் வரியில் ஒரு பங்கு, அந்த விருந்தாளிக்கு உழைப்பவரின் வீட்டுக்குப் போகவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பாதை இருக்கும், சைக்கிள் இருக்கும். பழுது பார்க்கத்தான் ஊரில் ஆள் இருக்கமாட்டார்.