சராசரிக் கணக்கில் தோட்டத்தை மறைக்காதே!



2015இல் ஐக்கிய நாடுகள் சபையில் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை நமது அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. 2030க்குள் வறுமை ஒழியும், பசி தீரும், எல்லோருக்கும் சுத்தமான குடிநீர் கிடைக்கும், எவரும் பின்னால் விடப்பட மாட்டார்கள் என்று உலகத்தின் முன் வாக்குக் கொடுத்தார்கள். 2017இல் 19ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தையும் நிறைவேற்றினார்கள். திட்ட அறிக்கைகளின் அட்டையில் 17 வர்ணப் பெட்டிகளைப் பார்க்கிறோம். லயத்துக் கூரைத் தகரம் மட்டும் பழைய துரு வர்ணத்திலேயே இருக்கிறது.

ஏன் என்று கேட்டால், "மாகாணம் முன்னேறியிருக்கிறதே" என்று ஒரு சராசரிக் கணக்கைக் காட்டுவார்கள். அந்தச் சராசரிக்குள்தான் நம்மைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டுக்கான அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிபரப்படி நாட்டில் வறியவர்கள் 14.3 வீதம். தோட்டத்துறையில் 33.8 வீதம். 2016ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம் என்கிறது. தோட்டத்தில் 31.7 வீதம்! மூன்று பிள்ளைகளில் கிட்டத்தட்ட ஒரு பிள்ளை. இரண்டும் 2022இல் அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போவதற்கு முந்திய கணக்குகள். நுவரெலியா நகரத்துக் குழாய்த் தண்ணீரையும் நமது பீலித் தண்ணீரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் விடை அழகாகத்தான் வரும். அந்த விடையைக் குடிக்க முடியாது.

அடுத்த சாட்டு, "தோட்டம் கம்பனியின் இடம்" என்பது. இது பொய். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாகின. 1992க்குப் பிறகு வந்த கம்பனிகள் குத்தகைக்காரர்கள். ஐ.நா.வில் வாக்குக் கொடுத்தது அரசாங்கம், துரை அல்ல. ஆனாலும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட விடாமல் முப்பது வருடம் தடுத்தது. நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை, நமது வாசலுக்கு ஒரு வண்டி கல் கொட்ட முடியாது! (வாக்குக் கேட்டு வரும்போது மட்டும் லயத்துப் பாதை கம்பனிப் பாதை என்பது எவருக்கும் ஞாபகம் வந்ததில்லை.) மலையகத்தில் எழுந்த குரலின் பலனாக 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் மாறிய பிறகும் "தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பும் பழக்கம் மாறவில்லை.

மாகாண சபையிடம் முறையிடலாம் என்றால் கதிரையில் ஆளில்லை. சப்ரகமுவவில் 2017இலும், மத்திய மாகாணத்தில் 2018இலும், ஊவாவில் 2019இலும் சபைகளின் காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநர்களின் நிர்வாகம்தான். மாகாணப் பாடசாலையும் மாகாண வைத்தியசாலையும் யாருக்குப் பதில் சொல்லும்? தேர்தலை உடனே நடத்து என்கிறோம்.

மற்றக் கோரிக்கைகளும் நேரானவை. மாகாணமோ பிரதேச சபையோ இந்த இலக்குகளின் பெயரில் எந்தத் திட்டம் போட்டாலும் தோட்டத்தின் கணக்கைத் தனியாகக் காட்ட வேண்டும். எத்தனை லயத்துக்குக் குடிநீர், எத்தனை குடும்பத்துக்குச் சொந்த மலசலகூடம், எத்தனை பிள்ளைகளுக்கு நிறை குறைவு என்பது டிவிசன் வாரியாக வர வேண்டும். வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் தோட்டக் குடியிருப்புகளுக்கென்று தனி ஒதுக்கீடும் வேண்டும்.

கேட்காமல் தரமாட்டார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமது கையில் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் கமிட்டியும் தமது பிரதேச சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதட்டும். 2018க்குப் பிறகு எமது தோட்டத்துக்குள் சபை எவ்வளவு செலவிட்டது, எந்த டிவிசனில், எந்த வேலைக்கு என்று மூன்றே கேள்விகள் போதும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும். விண்ணப்பத்தின் பிரதியையும் வரும் பதிலையும் அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தலைவர், தலைவிமார் எடுத்து வாருங்கள். பதில் வராத சபைகளின் பெயர்களை அடுத்த இதழில் அச்சிடுவோம்.