ஓலந்துத் தீவுகளின் வழக்கு

தேசங்களுக்கிடையே எல்லை வழக்கு நேருங்கால் அதனை வாளே தீர்க்கவல்லது என்று எண்ணுவார் இன்றும் பலர் உளர். வாளால் தீர்ந்த வழக்கு பெரும்பாலும் தீர்வதில்லை; தோற்றவன் மகன் வளருமளவும் உறங்கிக் கிடக்கிறது. வேறு வழியும் உண்டென்பதற்கு ஓலந்துத் தீவுகளின் வரலாறு தக்க சான்றாம்.

இத்தீவுகள் பால்டிக் கடலில் ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ளன. தீவினரின் பாஷை ஸ்வீடிஷ். 1809-ஆம் ஆண்டில் ஸ்வீடன் போரில் தோற்று, பின்லாந்தையும் இத்தீவுகளையும் ருஷியாவுக்கு விட்டுக்கொடுத்தது. 1917-இல் பின்லாந்து சுதந்தரம் அடைந்தபோது, தீவினர் ஸ்வீடனுடன் மீண்டும் சேர விழைந்தனர். பின்லாந்து இசையவில்லை. 1920-இல் தீவினரின் தலைவர்களாகிய ஜூலியஸ் சுண்ட்புளோம், கார்ல் பியோர்க்மன் என்போர் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டனர்.

அவ்வாண்டே வழக்கு சர்வதேச சங்கத்தின் முன் வந்தது. 1921 ஜூன் 24 அன்று சங்கத்தின் நிர்வாக சபை தீவுகள் பின்லாந்துக்கே உரியன என்று தீர்ப்பளித்தது. தீவினர்க்குக் காப்புறுதிகள் வேண்டுமென்றும் விதித்தது. அதன்படி பள்ளிகளில் ஸ்வீடிஷே போதனாமொழி ஆயிற்று. அயலார்க்கு விற்கப்படும் நிலத்தை உரிய விலை கொடுத்து மீட்கும் உரிமையும் தீவினர்க்குக் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் பத்துத் தேசங்கள் கூடி, அங்கே படையும் அரணும் கூடாவென உடன்படிக்கை செய்தன.

ஸ்வீடன் மனம் வருந்தி மறுப்புரைத்தது. ஆயினும் தீர்ப்புக்கு அடங்கிற்று. 1922 ஜூன் மாதத்தில் தீவினரின் சட்டசபை முதன்முறை கூடியது. அதன் சபாநாயகர் யார்? சிறை சென்ற சுண்ட்புளோமே! பியோர்க்மன் தீவாட்சியின் தலைவரானார்.

இத்தீர்ப்பு குறையற்றதென்று நாம் கூறோம். மண்ணுக்குரிய மக்களின் விருப்பம் மறுக்கப்பட்டது. அது சிறு குறையன்று. எனினும், மறுத்தவர்கள் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. நிலத்தைப் பெற்ற தேசம் நிலத்தில் வாழ்வாரின் மொழியையும் வழக்கங்களையும் காக்கும் பொறுப்பையும் உடன் பெற்றது. நிலம் மட்டும் கைமாறியிருப்பின் பகையும் நின்றிருக்கும் அன்றோ?

சர்வதேச சங்கம் 1946-இல் மறைந்தது. தீவினரின் சுயாட்சி இன்றும் நிலவுகிறது; பின்லாந்து அதனைப் புதிய சட்டங்களால் உறுதிப்படுத்தியும் வந்திருக்கிறது. காவலர் மறைந்த பின்னும் காக்கப்படும் வாக்கே மெய்யான வாக்கு. எல்லைகளைப் பற்றி வாதிப்போர் முதலில் அவ்வெல்லைக்குள் வாழ்வாரை நினைப்பாராக. ஆண்டு முதிர்ந்த வழக்கும் அப்போது முடிவு காணும் என்பது நம் துணிபு.