மூளையைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்ட பிள்ளைக்குக் கதவை மூடியது யார்?



சென்ற மாதம் ஒரு லாரி ஓட்டுநர் தன் மகளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அந்தப் பெண்ணின் தம்பிக்கு வலிப்பு நோய். அதைப் பார்த்தே வளர்ந்தவள், மூளை எப்படி வேலை செய்கிறது என்று படிக்க வேண்டும், நியூரோசயின்ஸ் பட்டம் எடுக்க வேண்டும் என்கிறாள். எஸ்.பி.எம். தேர்வில் ஆறு 'ஏ'. "மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுங்க சார்" என்றார் அப்பா.

முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தேன். வேதியியல் இல்லை. உயிரியல் இல்லை. கூடுதல் கணிதம் இல்லை. வணிகமும் கணக்கியலும் இருந்தன. நான்காம் படிவத்தில் பள்ளி அவளை அந்தத் தொகுப்பில் போட்டுவிட்டது. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. இதற்கு என்ன மேல்முறையீடு எழுதுவது?

இந்தப் படிப்பு கேட்கும் பாடங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புவது மின்சாரத்தாலும் வேதிப்பொருளாலும்தான். அதனால் உயிரியல், வேதியியல், இயற்பியல், புள்ளியியல் எல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடும். அடிப்படை இல்லாத பிள்ளை முதல் ஆண்டிலேயே திணறும். பல்கலைக்கழகம் 18 வயதில் கேட்பதை, நம் பிள்ளை 15 வயதிலேயே இழந்துவிடுகிறதே, அதுதான் என் கோபம்!

2020-இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்பதை எடுத்துவிட்டுப் பாடத் தொகுப்பு முறையைக் கொண்டு வந்தார்கள். 2022-இல் பி.டி.3 தேர்வும் ரத்தானது. அதன் பிறகு பள்ளியின் சொந்த மதிப்பெண்ணும், அந்தப் பள்ளியில் எந்தத் தொகுப்பு உண்டு என்பதுமே பிள்ளையின் வழியைத் தீர்மானிக்கின்றன. பாரம் வீட்டுக்கு வரும். ஷிப்டு முடிந்து வந்த களைப்பில் கையெழுத்துப் போடுவோம். (நானும் என் மகனின் பாரத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டவன்தான். சட்டம் படித்து என்ன பயன்!)

சரி, நான்கு பாடமும் எடுத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கதவு மெட்ரிகுலேஷன். அது பெரும்பாலோருக்கு ஒரு வருடம். எஸ்.டி.பி.எம். என்றால் மூன்று பருவம், ஒன்றரை வருடம். 2002-இல் 'தகுதி முறை' என்று அறிவித்துவிட்டு, இரு வேறு தேர்வு எழுதியவர்களை ஒரே 4.00 கணக்கில் நிறுத்துகிறார்கள். இரண்டு தராசில் நிறுத்த அரிசியை ஒரே எடை என்றால் நீங்கள் கடைக்காரரைச் சும்மா விடுவீர்களா? 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கியபோதும் பூமிபுத்ராவுக்கு 90 விழுக்காடு, மற்ற எல்லோருக்கும் 10 விழுக்காடுதான். 2024-இல், பத்து 'ஏ' எடுத்தால் இனம் பாராமல் இடம் என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். நல்லது. ஏழு 'ஏ', எட்டு 'ஏ' எடுத்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை எங்கே போகும்?

கேட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 153-ஆம் பிரிவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பயப்படாதீர்கள். 1971-இல் சேர்த்த 8ஏ உட்பிரிவு, தகுதி பெற்றவர்களைவிட இடம் குறைவாக உள்ள படிப்பில் நியாயமான அளவு ஒதுக்கலாம் என்கிறது. அதே 153-இன் முதல் உட்பிரிவு மற்ற இனத்தாரின் நியாயமான நலனையும் காக்கச் சொல்கிறது. 90-க்கு 10 நியாயமான அளவா? சட்டப் பிரிவை ஒழிக்கச் சொல்லவில்லை, அதை நடத்தும் விதத்தைத்தான் கேட்கிறோம். அப்படிக் கேட்பதற்குத் தேச நிந்தனைச் சட்டமே இடம் தருகிறது.

அந்தப் போராட்டம் நீளும். மூன்றாம் படிவத்தில் பிள்ளை உள்ளவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே பள்ளிக்குப் போங்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் நான்கும் உள்ள தொகுப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நியூரோசயின்ஸ் என்ற பெயரிலேயே இளங்கலைப் பட்டம் நம் நாட்டில் அரிது. உயிர்மருத்துவ அறிவியல் போன்ற பட்டம் முடித்து, முதுகலையில் அந்தப் பக்கம் போகலாம். குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் நரம்பறிவியல் துறையே இருக்கிறது. ஏஜென்டு பளபளக்கும் தாளை நீட்டினால், கடன் வாங்கும் முன் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அந்தப் படிப்பு உண்டா என்று பாருங்கள். அந்தப் பட்டம் வாங்கினால் டாக்டர் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடிதம் எழுதத் தெரியவில்லையா? பாரத்தை எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன் என்னிடம் வாருங்கள். காசு வேண்டாம்.