வெயில் ஏறுவதற்குள்



இந்த இதழின் நடுப்பக்கங்களில் நீங்கள் அனுப்பிய இயற்கைப் படங்கள் வந்திருக்கின்றன. அனுப்பிய அத்தனை பேருக்கும் நன்றி. தேர்வுக்கு உட்கார்ந்த அன்று ஆசிரியர் குழுவுக்குள் சின்னச் சச்சரவே நடந்துவிட்டது. விலை உயர்ந்த கேமராக்களில் எடுத்த ஊட்டிப் படங்கள் பலவற்றை ஒதுக்கிவிட்டு, கைபேசியில் எடுத்த ஒரு கண்மாய்க்கரைப் படத்துக்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறோம். ஏன் என்று கேட்டுக் கடிதம் வரும். அதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊட்டிப் படங்களில் பெரும்பாலானவை நடுப்பகலில் எடுத்தவை. சுற்றுலா வண்டி போய்ச் சேர்கிற நேரம் அதுதான், யாரைக் குறை சொல்ல? கண்மாயைப் படமெடுத்தவர் உள்ளூர்க்காரர். எந்த மடைக்குப் பக்கத்தில் நின்றால் கருவேல மரங்களுக்கு நடுவே சூரியன் கிளம்பும் என்று தெரிந்துகொண்டு, இருட்டோடு போய் நின்றிருக்கிறார். பழகிய கால்கள் எடுத்த படம் அது.

புகைப்படப் புத்தகங்களைத் திறந்தால், விடிந்த பிறகு ஒரு மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முன் ஒரு மணி நேரமும் பொன்வெயில் அடிக்கும் என்று எழுதியிருப்பார்கள். அவற்றில் பல இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து எழுதியவை. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஏறும். லண்டனில் ஜூன் மாதக் காலையில் அது 6 பாகை உயர்வதற்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பிடிக்கும். திருநெல்வேலியில் அரை மணி நேரம்கூட ஆகாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே கிளம்பிவிடுகிறது. புத்தகத்தை நம்பி ஆற அமரக் காபி குடித்துவிட்டுப் போனால் வெள்ளை வெயில்தான் மிச்சம். உதயத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே இடத்துக்குப் போய்விடுங்கள். சூரியன் தலைகாட்டும் முன் கிழக்கு வெளுத்துச் சிவக்கிற இருபது நிமிடங்களும் அப்போது உங்கள் கணக்கில் சேரும். என்னைக் கேட்டால், உதயத்தைவிட அந்த நேரத்துப் படங்களே அழகு.

நடுப்பகல் இங்கே இன்னும் கடுமை. ஏப்ரலிலும், மறுபடி ஆகஸ்டு இறுதியை ஒட்டியும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். நிழல் இல்லாத நிலத்தில் மேடு எது, பள்ளம் எது என்று கேமராவுக்குத் தெரியாது.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு ஆக்சைடு படிந்த செக்கச்செவேலென்ற மணல். அங்கங்கே பனை, முந்திரி, உடைமரம். மத்தியானம் போனால் சிவப்புத் துணியை விரித்துப் போட்டதுபோல் தட்டையாகக் கிடக்கும். அதே இடத்தில் காலை ஆறரை மணிக்கு, காற்று கோடு கிழித்த ஒவ்வொரு வரியும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாதீர்கள், பக்கவாட்டில் வரவிடுங்கள். மண்டியிட்டுக் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் காலடி மணல் வரிகள் படத்தின் முன்பகுதியை நிறைக்கும். தூரத்தில் ஒரே ஒரு பனை போதும். பத்துப் பனையையும் உள்ளே இழுக்க நினைத்தால் எந்தப் பனையையும் பார்க்க முடியாது. இன்னொன்று: ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் கேமரா அந்தச் சிவப்பைக் குறையென்று நினைத்து வெளிறவைத்துவிடக்கூடும். பகல் வெளிச்சம் என்ற நிலையில் வைத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் அங்கே நின்றுகொண்டு லென்ஸ் மட்டும் மாற்றாதீர்கள்.

பஞ்சாங்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே உதிக்கிறது, ஆனியில் வடகிழக்கே. நேர்கிழக்கிலிருந்து இரு பக்கமும் 23 பாகைக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. பொங்கலன்று கோபுரத்துக்குப் பின்னால் எழும்பிய சூரியன் சித்திரையில் தென்னந்தோப்புக்குப் பின்னால் வரலாம். ஒரே குளத்தங்கரை வருடத்துக்குப் பல படங்கள் தருவது இதனால்தான். பக்கத்தில் குடியிருப்பவருக்குக் கிடைக்கிற இந்தச் சலுகை, விடுமுறைக்கு வந்துபோகிறவருக்குக் கிடைக்காது.

வானம் மூடியிருந்தால் கேமராவை வீட்டில் வைத்துவிடுகிறார்கள். காட்டுக்கும் ஓடைக்கும் பூவுக்கும் மூடிய வானம்தான் தோது. வெயிலில் இலைக்கு இலை வெள்ளைப் புள்ளி விழுந்து கண்ணைக் குழப்பும். மேகம் அதையெல்லாம் சமன்செய்துவிடும். அருவித் தண்ணீர் பட்டுபோல் வழிய வேண்டுமானால் டிரைபாடில் வைத்துக் கால் நொடி ஷட்டர் கொடுத்துப் பாருங்கள். (சீசன் நேரத்துக் குற்றாலத்தில் வேண்டாம். அருவிக்கு முன்னால் தலைகள்தான் வழியும்.) ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட பொழுதுகளைத் தவறவிடாதீர்கள். தூசி அடங்கிய காற்றில் தூரத்து மலையும் பக்கத்தில் வந்து நிற்கும்.

இடத்தையும் வெளிச்சத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பதில் என்ன லாபம் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நல்ல உதாரணம். 1941 நவம்பர் முதல் தேதி மாலை, நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்தார். கிழக்கே நிலா ஏறிவிட்டது. மேற்கே சாய்ந்த சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைச் சிலுவைகளில் பட்டது. சாலையோரம் நிறுத்திப் பெரிய கேமராவை அவசரமாகப் பொருத்தினார். ஒளியளக்கும் மீட்டரைக் காணவில்லை. ஆனால் நிலவின் ஒளி எவ்வளவு என்ற எண் அவருக்கு நினைவில் இருந்தது. அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெளிச்சம் போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவ்தான் இன்றைக்கு உலகம் அறிந்த நிலவுப் படம்.

அதே படத்தை ஆடம்ஸ் பிற்காலத்தில் அச்சிட்டபோது வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கிக்கொண்டே போனார் என்பதையும் சொல்லவேண்டும். கணினியில் படத்தைத் திருத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதில் இருக்கிறது. நம் பக்கத்திலும் அந்தப் பழக்கம் பழையதுதான். 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், வானம் வெறும் வெள்ளையாக விழுந்ததால், தன் காகித நெகட்டிவ்கள் பலவற்றில் தூரிகையால் மேகம் தீட்டினார். அந்தக் கால வேதிப்பூச்சுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். இன்று கைபேசியில் வானம் வெளுத்தால் திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்தால் போதும். நிழல் பகுதியைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். ஆனால் புல்லுக்குப் பெயின்ட் நிறம் ஏற்றிய படங்கள் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

கருவியைப் பற்றி நிறையக் கேட்கிறீர்கள். லென்ஸைத் துடையுங்கள், சட்டைப்பையில் கிடக்கிற கைபேசிக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. கேமரா என்றால் நிலக்காட்சிக்கு லென்ஸின் துளை அளவை எஃப் 8 அல்லது எஃப் 11 வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். எஃப் 22க்குப் போனால் ஒளி விளிம்பில் சிதறிக் கூர்மை குறையும். மற்றதையெல்லாம் டிரைபாட் பார்த்துக்கொள்ளும்.

கருவி என்றதும் இயற்கைப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். அவர் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டிக்கொண்டு, அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். வண்ணப்படம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. யானையையும் காட்டெருமையையும் அப்படித்தான் எடுத்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இலிருந்து 1996இல் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தியும் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பத்தியில் காட்டு விலங்குகளுக்குச் சமமாகக் காக்கையும் அணிலும் இடம்பிடித்தன.

பறவைக்கூட்டுப் படங்களை ஏன் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் மறைத்திருந்த கிளையை ஒடித்தோ விலக்கியோ எடுத்தவை. தாய்ப்பறவை பறந்துபோன பத்து நிமிடத்தில் முட்டை வெயிலில் காயும், அல்லது காக்கை கண்டுகொள்ளும். பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைக்கும் வேலையும் வேண்டாம். வேடந்தாங்கல் மாதிரி இடத்தில் கரையில் நின்று, தூரத்திலிருந்து மரத்தோடு சேர்த்துக் கூடுகளை எடுத்தால் மகிழ்ச்சியோடு போடுவோம்.

தை இதழுக்கான தலைப்பு: ‘எங்கள் ஊர் நீர்நிலை’. குளம், ஏரி, கண்மாய், தாங்கல், ஊருணி எதுவானாலும் சரி, உங்கள் வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். ஒரே இடத்தில் நின்று வெவ்வேறு மாதங்களில் எடுத்த இரண்டு படங்களை அனுப்புங்கள். எடுத்த தேதியும் நேரமும் அவசியம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அச்சுக்கு உதவாது. மின்னஞ்சலில் முழு அளவில் இணைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்