விடை வரும் முன்னே, ரீடிங் வரும் பின்னே!



யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நம்ம ஃபிசிக்ஸ் லேபில் விடைதான் முன்னே வருகிறது, ரீடிங் பின்னே வருகிறது! சீனியர் அண்ணனின் ரெக்கார்டு நோட்டைத் திறந்து, விடையைப் பார்த்து, அதற்கு ஒத்துவரும் அளவுகளை எழுதி வைக்கிறோம். இதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. உபதேசம் இல்லை, பட்டுத் தெரிந்து கொண்டது.

முதலாண்டு பிராக்டிகல் தேர்வில் எனக்கு வந்தது ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பச் சோதனை. இசைக்கவையின் அதிர்வெண் 512 ஹெர்ட்ஸ். ஒலியின் திசைவேகம் காண வேண்டும். 340 என்று மனப்பாடம் இருந்தது. தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிக் காது கொடுத்துக் கேட்கப் பொறுமையில்லை. இரண்டு ஒத்ததிர்வு நீளங்களின் வித்தியாசம் 33.2 செ.மீ. என்று எழுதி, 2 × 512 × 0.332 = 340 மீ/வி என்று முடித்துவிட்டேன்.

எக்ஸ்டர்னல் சுவரிலிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார். 32 டிகிரி. "0 டிகிரியில ஒலி வேகம் 331. டிகிரிக்கு சுமார் 0.6 கூடும். 340-ன்னா 15 டிகிரி குளிர் இருக்கணும். நீ மட்டும் ஊட்டியில நின்னு செஞ்சியாப்பா?" என்றார். தலைகுனிந்து நின்றேன்.

அடுத்த வாரமே லேப் அசிஸ்டெண்ட் அண்ணனிடம் கெஞ்சி அதே கருவியில் உட்கார்ந்தேன். முதல் ஒத்ததிர்வு 16.2 செ.மீ., இரண்டாவது 50.4 செ.மீ. கழித்தால் 34.2, அது பாதி அலைநீளம். கழிக்கும்போதே குழாய் வாயின் முனைத்திருத்தமும் அடிபட்டுப் போகிறது. முழு அலைநீளம் 0.684 மீட்டர். 512-ஆல் பெருக்கினால் 350! வெப்பநிலைக் கணக்கும் அதையேதான் சொன்னது. அன்றுதான் சூத்திரம் எனக்குச் சொந்தமானது.

திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம். இவ்வளவுதான் சங்கதி. சென்னை வானொலியின் 720 கிலோ ஹெர்ட்ஸ் அலைக்கு, வினாடிக்கு 30 கோடி மீட்டரை 7,20,000-ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 417 மீட்டர். சி.ஆர்.ஓ. திரையில் ஓர் அலை 4 கட்டம், கட்டத்துக்கு 5 மில்லி செகண்டு என்றால் அலைவு நேரம் 20 மில்லி செகண்டு. 1-ஐ 0.02-ஆல் வகுத்தால் 50 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக் கரண்டு! நாளை வேலைக்குப் போகும் இடத்தில் இதைத்தான் கேட்பார்கள். அங்கே சீனியர் ரெக்கார்டு கிடைக்காது.

"எட்டு பேருக்கு ஒரு கருவி, எப்படிப்பா செய்யறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சனிக்கிழமைகளில் லேபைத் திறந்து வைக்கும்படி நம் சங்கம் நிர்வாகத்திடம் கேட்கட்டும். ஆனால் திறந்த லேபுக்குள் நாம் போக வேண்டுமே!

தப்பாக வந்தாலும் நம் ரீடிங் நம்முடையதாக இருக்கட்டும். ஏன் தப்பு என்று தேடினால் பாடம் தானாக வரும். சிந்திப்பீர் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு