யாருடைய விருப்பம்?

2014 ஜூன் மாசம், ஒரு மத்தியான நேரம். ஒரத்தநாடு பக்கத்துச் சேரியிலிருந்து வந்த பெண் கவுண்டரில் நகைக்கடன் ரசீதை நீட்டினாள். இருபத்தினாலு வயசு இருக்கும். ஆறு வருசம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் செல்போன் பூட்டியவள். 2012இல் மேட்டூர் ஜூனில் திறக்காமல் குறுவை போனபோது அடகுக்கு வந்த அம்மாவின் தோட்டை மீட்க வந்திருந்தாள்.

“வி.ஆர்.எஸ். பணமாம்மா?”

“ஆமா சார். விருப்ப ஓய்வுன்னு எழுதி வாங்கிட்டாங்க. யாரு விருப்பம்னுதான் தெரியல.”

தோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கேள்வி இன்னும் கவுண்டரிலேயே கிடக்கிறது.

நோக்கியா இங்கே உற்பத்தி தொடங்கியது 2006இல். அரசு சிப்காட் நிலம் கொடுத்தது. கட்டிய விற்பனை வரியைத் திருப்பிக் கொடுத்தது. உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள்; பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 ஏப்ரலில் கம்பெனி தன் செல்போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை மட்டும் கைமாறவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ‘விரும்பி’ ஓய்வு பெற்றார்கள். நவம்பர் 1இல் ஆலை நின்றது. போன் உற்பத்தி வியட்நாமிலும் சீனாவிலும் நடந்தது. பின்னாலேயே பாக்ஸ்கானும் கதவைச் சாத்தியது.

இதில் ‘விருப்பம்’ என்ற சொல் செய்த வேலையைக் கவனியுங்கள் தோழர்களே. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் ஆட்குறைப்பு வரையறை, விருப்ப ஓய்வை வெளியே தள்ளிவிட்டது. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவருக்குப் பாதிக் கூலி தர, ஈ.எஸ்.ஐ.யில் 2005இலிருந்தே ராஜீவ்காந்தி பெயரில் ஒரு திட்டம் உண்டு. அப்போது ஓராண்டு வரை தந்தார்கள். வி.ஆர்.எஸ். வாங்கியவருக்கு அது கிடையாது. ஒரு கையெழுத்தில் கம்பெனி தப்பித்தது, அரசும் தப்பித்தது.

இதே நோக்கியா 2012இல் தன் சொந்த நாடான பின்லாந்தில், சாலோ என்ற ஊரிலிருந்த ஆலையை மூடி வேலையை ஆசியாவுக்கு மாற்றியது. அங்கே என்ன நடந்தது? நோக்கியாவிலும் அதற்கு வேலை செய்துகொடுத்த கம்பெனிகளிலும் வேலை இழந்த சுமார் 3,700 பேருக்காக, ஐரோப்பிய ஒன்றியத்தின் உலகமயமாக்கல் நிதியிலிருந்து ஏறத்தாழ 98 லட்சம் யூரோ ஒதுக்கினார்கள். மறுபயிற்சி, வேலை தேட உதவி, சொந்தத் தொழில் தொடங்கப் பணம். அமெரிக்காவில் இதற்கு 1962லேயே சட்டம் வந்தது. 2022 ஜூலையோடு அங்கே புதிய மனு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கொடுத்ததைப் பிடுங்குவது அங்கேயும் நடக்கிறது. நமக்குப் பிடுங்குவதற்குக்கூட ஒன்று இல்லை.

தஞ்சாவூர்க்காரனுக்கு இது புதுசு இல்லை. பயிர் கருகினால் நிவாரணம் ஹெக்டேர் கணக்கில் வரும். அடங்கலில் பெயர் இருக்கிறவனுக்கு வரும். நாற்றுப் பறித்தவள், நட்டவள், களை எடுத்தவள் பெயர் எந்த அடங்கலில் இருக்கிறது? அறுவடை மிஷின் வந்து கூலியை விழுங்கியபோது யார் ஈடு கொடுத்தார்கள்? வயலில் பட்டா இல்லாதவன், ஆலையில் காண்ட்ராக்ட். இரண்டு இடத்திலும் காகிதத்தில் இல்லாத ஆள் ஒரே தெருவிலிருந்துதான் வருகிறான்.

கூலி உயர்வு கேட்ட சனத்தில் 44 பேரை 1968இல் கீழ்வெண்மணியில் உயிரோடு கொளுத்திய மண் இது. இந்த மண்ணிலிருந்து போன பிள்ளைக்கு ஆலை வெறும் சம்பளம் இல்லை. யூனிபாரம், கம்பெனி பஸ், எந்தத் தெரு என்று கேட்காமல் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் கேண்டீன். வேலை போனால் திரும்பி வர வேண்டியது பண்ணையார் வாசலுக்கு. அங்கேயும் இப்போது வேலை இல்லை. குனியச் சொல்வது மட்டும் மாறவில்லை.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுதிறன் நிதியாக 15 நாள் கூலி தருகிறது. பதினைந்து நாளில் என்ன திறன் கற்பது? அதே தொகுப்பு, அரசைக் கேட்காமல் ஆலையை மூடும் வரம்பை 100 தொழிலாளியிலிருந்து 300க்கு உயர்த்தியும் விட்டது. விருப்ப ஓய்வு இதிலும் வரையறைக்கு வெளியேதான்.

நாம் கேட்பது இவ்வளவுதான். மூடப்போகும் ஆலையில் வாங்கிய விருப்ப ஓய்வை ஆட்குறைப்பு என்றே கணக்கில் எடு. காண்ட்ராக்ட், டிரெய்னி எல்லாரையும் பட்டியலில் சேர். நிலமும் வரிச் சலுகையும் வாங்கும் கம்பெனியிடம், புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும் அன்றைக்கே தொழிலாளர் நிதிக்குப் பணம் வாங்கி வை. உதவி ஸ்ரீபெரும்புதூரோடு நிற்காமல் ஒரத்தநாட்டுக்கும் வரட்டும். ‘தாட்கோ கடன் இருக்கிறதே’ என்று மட்டும் சொல்லாதே. கடன் உதவி ஆகாது. ஜாமீன் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன்.

சிப்காட் வாசலில் நிற்கும் தோழர்களும் சேரியில் நிற்கும் தோழர்களும் இதை ஒரே கோரிக்கையாக எழுப்ப வேண்டும். விருப்பம் என்று எழுதி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்தப் பெண் கேட்டதை எல்லாரும் சேர்ந்து கேட்போம்: யாருடைய விருப்பம்?