ஆணி புடுங்கத் தெரியுது, குழாய் மாட்டத் தெரியாதா?

ஒயிட்ஃபீல்டு பக்கம் நம்ம தமிழ்க் குடும்பங்க இருக்குற அபார்ட்மெண்ட் எதுக்குப் போனாலும் ஒரு பாத்ரூம்ல ஷவர் குழாய் ஒழுகிட்டுத்தான் இருக்கு. கேட்டா, "பிளம்பர் ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கார் சார்." எந்த ஞாயிறுன்னு அவரும் சொல்லலை, இவரும் கேக்கலை. நொடிக்கு ஒரு சொட்டுன்னாலே ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர். காசு குடுத்து வாங்குறோமே கேன் தண்ணி, அதுல ஒண்ணு தினமும் சாக்கடைக்கு. அதுவும் டேங்கர் லாரிக்குத் தவம் கிடக்குற ஊர்ல!

வீட்டுக்காரர் யாருன்னா மெக்கானிக்கல் இஞ்சினியர். (பாக்குறது பொட்டி தட்டுற வேலை, அது வேற கதை :-))

அப்படி என்ன பெரிய வித்தை இது? சுவத்துக்கு வெளிய தெரியுற மிக்சர்தான் பல வீட்டுல. கீசர் சுவிட்சை அணைச்சு, வால்வை மூடி, மிச்சத் தண்ணியை வடிய விட்டு ரெண்டு நட்டைக் கழட்டினா பழசு கையோட வந்துடும். சுடுதண்ணி, பச்சைத்தண்ணி வழி ரெண்டுக்கும் நடுவுல வழக்கமா 15 செ.மீ., மரை அரை இஞ்ச். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா வளைஞ்ச லெக்கைத் திருப்பிச் சரி பண்ணிக்கலாம். டெஃப்லான் டேப்பை மரை இறுகுற திசையிலயே சுத்தணும், மாத்திச் சுத்தினா திருகும்போதே பிரிஞ்சுடும். நட்டுக்குள்ள வாஷர் வைக்க மறக்காதீங்க. ஸ்பேனர் பட்டுக் கீறாம இருக்க நடுவுல ஒரு பழைய துணி. பலத்தை மட்டும் காட்டாதீங்க. உள்ள இருக்குறது சிபிவிசி பைப்புன்னா அதிகம் முறுக்கினா விரிசல் விடும், அப்புறம் டைல்ஸை உடைக்கணும். பல சமயம் முழுசா மாத்தவே வேண்டாம், உள்ள இருக்குற ஸ்பிண்டிலை மாத்தினாலே ஒழுகல் நின்னுடும்.

அப்ப ஏன் செய்யறதில்லை? நேரமில்லைம்பாங்க. கிரிக்கெட் பாக்க இருக்கு. நிஜக் காரணம், பாத்ரூம் தரையில உக்காந்து ஸ்பேனர் பிடிக்கிறது நம்ம வேலை இல்லைன்னு தலைமுறை தலைமுறையா மண்டைக்குள்ள ஏத்தி வச்சிருக்கோம். கணக்கு எழுதறவன் மேல, கைவேலை செய்யறவன் கீழ. இதுக்குப் பேர் சாதிப்புத்தின்னா கோவம் வரும். வரட்டுமே.

இதே மனுஷரை மூணு வருஷம் நியூ ஜெர்சிக்கு அனுப்பிப் பாருங்க. தானே டூல் பாக்ஸ் வாங்கி, தானே மாட்டி, போட்டோ எடுத்து வாட்ஸப் குடும்பக் குழுவுலயும் போடுவார். அங்க பிளம்பரைக் கூப்பிட்டா பர்ஸ் பழுத்துடும். இங்க ஆள் மலிவு. ஆக, கௌரவம் அடுத்தவர் கூலியைப் பாத்துத்தான் ஏறி இறங்குது.

"அவங்க பொழப்புல மண்ணைப் போடலாமா?"ன்னு உடனே ஒரு கரிசனம் வரும். இதைக் கேக்குறவர்தான் 400 ரூபா கேட்டா 250க்கு பேரம் பேசுறவர், அப்பா வயசு ஆளை "வாய்யா, போய்யா"ங்கறவர், சர்வீஸ் லிஃப்ட்ல வரச் சொல்றவர். சுவத்துக்குள்ள கசிவு, பைப் லைன் மாத்தறதுன்னு அவருக்கு வேலை ஏகப்பட்டது இருக்கு. அதுக்குக் கூப்பிடுங்க, கேட்ட காசைக் குடுங்க. உப்புத்தண்ணியில இறுகிப் போன நட்டோட அரை மணி நேரம் மல்லுக்கட்டினவருக்கு அந்த 400 ஜாஸ்தியாத் தோணாது.

ரங்கமணி அசையலைன்னா தங்கமணிகளே மாட்டிடுங்க, இதுக்கு மீசை ஒண்ணும் தேவையில்லை. டார்ச் பிடிக்கப் பையன், பொண்ணு ரெண்டு பேரையும் கூப்பிடுங்க.

வீட்டு வால்வு எங்க இருக்குன்னு இன்னிக்கே பாத்துத் திருப்பிப் பாருங்க. வருஷக்கணக்கா தொடாம இறுகிக் கிடந்தா, பிளம்பருக்கு முதல் வேலை அதுதான்.